சிக்ஸ்டீன் பை டூ

ரிச்சி ஸ்ட்ரீட்டில் எச்.டி.44780 என்று முழுப் பெயர் சொல்லிக் கேட்பவரைக் கடைக்காரர் ஒரு கணம் மேலும் கீழும் பார்ப்பார். ‘சிக்ஸ்டீன் பை டூ ஒண்ணு குடுங்க, க்ரீன்’ என்றால் பேச்சை நிறுத்தாமலே பின்னாலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிடுவார். வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும் எல்.சி.டி. பலகை அது. 80 மில்லிமீட்டர் நீளம், 36 மில்லிமீட்டர் அகலம், ஓரத்தில் பதினாறு துளைகள். கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பருவம் வந்துவிட்டால் பெட்டி பெட்டியாக விற்றுப்போகும்.

இந்தப் பலகையைக் கணினிக்கு வெளியே ஒரு சிறு திரையாக மாற்றிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலைகளில் ஒன்று. மானிட்டர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். மானிட்டர் உள்ள கணினிக்கு இது தேவையே இல்லை. ஆனால் பரணிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, பூட்டிய அலமாரியிலோ இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் உண்டு. அச்சகத்தின் கோப்புகளைச் சேர்த்து வைப்பது ஒன்று, ஒரே இணைய இணைப்பைப் பத்துக் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இன்னொன்று. இவற்றுக்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

எனக்கு இந்த வேலையை முதலில் கொடுத்தவர் ஒரு பிரவுசிங் சென்டர் முதலாளி. இணைப்பைப் பங்கிடும் லினக்ஸ் கணினி பரணில் இருந்தது. நெட் நின்றுபோனால் அது இணைப்பின் கோளாறா, பரணில் இருப்பதன் கோளாறா என்று தெரியாமல் ஏணி போட்டு ஏறுவார்கள். “தம்பி, எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். நெட்டு இருக்கா, இல்லையா? கல்லாவுல உக்காந்தபடியே தெரியணும், அவ்வளவுதான்” என்றார். ஒயர் இணைப்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்த ‘அவ்வளவுதான்’ முடியத்தான் காலம் பிடித்தது.

ஒயரில் இருந்தே தொடங்குகிறேன். பலகையின் பின்புறம் கறுப்புச் சொட்டுகளுக்கு அடியில் இருக்கும் சில்லு, ஹிட்டாச்சி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எச்.டி.44780, அல்லது அதன் கட்டளைகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வேறொரு நிறுவனத்தின் சில்லு. எத்தனையோ வந்து போன பிறகும் அந்தக் கட்டளைத் தொகுப்பு மாறவில்லை. அந்தக் காலத்து நிரல் இன்று வாங்கிய பலகையிலும் ஓடும். பதினாறு முனைகளில் முதலாவது கிரவுண்ட், இரண்டாவது 5 வோல்ட், மூன்றாவது கான்ட்ராஸ்ட். வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்வது நான்காவது, எழுதுவதா படிப்பதா என்று சொல்வது ஐந்தாவது, ‘இப்போது எடுத்துக்கொள்’ என்று தட்டுவது ஆறாவது. ஏழிலிருந்து பதினான்கு வரை எட்டு டேட்டா கம்பிகள். கடைசி இரண்டும் பின்விளக்குக்கு. சில பலகைகளில் ஒன்றும் இரண்டும் இடம் மாறியிருக்கும், சிலவற்றில் பதினைந்தும் பதினாறும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் 5 வோல்ட் கொடுக்கக் கூடாது.

‘டிஸ்ப்ளே டெட்’ என்று என்னிடம் திரும்பி வரும் பலகைகளில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கும். மூன்றாவது முனையைச் சும்மா விட்டிருப்பார்கள். அங்கே 10 கிலோ ஓம் ப்ரீசெட் ஒன்றைப் போட்டு, ஒரு முனை கிரவுண்டுக்கு, மறு முனை 5 வோல்ட்டுக்கு, நடு முனை பலகைக்கு என்று இணைத்துத் திருகினால், கிரவுண்டிலிருந்து அரை வோல்ட், ஒரு வோல்ட் அளவில் எழுத்து தெளியும். இணைத்தவுடன் மேல் வரி முழுக்கக் கறுப்புக் கட்டங்கள் வந்தால் பயப்பட வேண்டாம். பலகைக்கு மின்சாரம் வந்திருக்கிறது, அதனிடம் இன்னும் யாரும் பேசவில்லை என்று பொருள்.

நான் தொடங்கிய காலத்தில் கணினிகளின் முதுகில் 25 முனை பேரலல் போர்ட் இருந்தது. பிரிண்டருக்காக வைத்தது, எங்களுக்கு வரமாக அமைந்தது. அதன் 2 முதல் 9 வரையான முனைகள் நேராக எட்டு டேட்டா கம்பிகள். தட்டும் கம்பிக்கு 1-ஆம் முனை, கட்டளையா எழுத்தா என்பதற்கு 16-ஆம் முனை, கிரவுண்டுக்கு 18 முதல் 25 வரை ஏதாவது ஒன்று. இடையில் ஒரு சில்லுகூட வேண்டாம். ரிப்பன் கேபிளும் ஈயமும் இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். டர்போ சி-யில் ஹெக்ஸ் 378 என்ற முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பினால் அந்த எட்டுக் கம்பிகளும் அப்படியே எழும், விழும். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களில் பலர் ஒரு நிரலால் வெளியுலகில் ஒரு பொருளை அசைத்தது அந்த முகவரி வழியாகத்தான்.

அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 1-ஆம் முனை தலைகீழ்: பதிவேட்டில் 1 எழுதினால் கம்பியில் 0 வரும். 16-ஆம் முனை நேர். இந்தப் பாகுபாட்டை மறந்தால் பலகை ஒன்றுவிட்டு ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளும். இரண்டாவது, இந்தப் போர்ட்டில் 5 வோல்ட் கிடையாது. கணினிக்குள் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சிவப்புக் கம்பியிலிருந்து எடுப்போம், பிறகு யு.எஸ்.பி.யிலிருந்து எடுத்தோம். தனி அடாப்டர் போட்டால் கிரவுண்டுகள் இரண்டையும் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் பலகை பிதற்றும். மூன்றாவது, கணினி எழும்போது அங்கே பிரிண்டர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். அந்தத் தட்டலையும் பலகை எழுத்தாக எடுத்துக்கொண்டு ஏதோ குப்பையைக் காட்டும். நம் நிரல் வந்து துடைக்கும்வரை அது அப்படியே இருக்கும்.

இந்தப் பொற்காலம் இரண்டு அடியில் முடிந்தது. விண்டோஸ் 98 வரை எந்த நிரலும் போர்ட்டை நேரடியாகத் தொடலாம். எக்ஸ்.பி. அதற்குத் தடை போட்டது. கெர்னலுக்குள் நுழையும் ஒரு டிரைவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால்தான் வழி. லினக்ஸில் ரூட் அனுமதி இருந்தால் போதும் என்பதால் என் வேலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. பிறகு போர்ட்டே மறைந்தது. லேப்டாப்புகளில் முதலில் போயிற்று, மேசைக் கணினிகளிலும் போயிற்று. யு.எஸ்.பி.-யிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளை வாங்கிக்கொண்டு வருவார்கள். அது பிரிண்டரோடு பேச மட்டுமே தெரிந்த கேபிள். 378 என்ற முகவரியை அது உண்டாக்கித் தருவதில்லை, நம் பலகை அதில் ஓடாது. அதைச் சொன்னால் கேபிள் விற்றவரை விட்டுவிட்டு என்னைக் கோபித்துக்கொள்வார்கள்.

போர்ட் போனதால் நடுவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வந்து உட்கார்ந்தது. அப்போது கைக்குக் கிடைத்தது 8051 குடும்பத்து ஏ.டி.89எஸ்52. கூடவே சீரியல் போர்ட்டின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு மாற்றித் தரும் மேக்ஸ்232. கிரிஸ்டல் மட்டும் 11.0592 மெகாஹெர்ட்ஸ். பார்க்க ஒழுங்கற்ற எண். அதை 12-ஆல் வகுத்து, 32-ஆல் வகுத்து, 3-ஆல் வகுத்தால் சரியாக 9600 வரும். 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் அந்த வேகம் துல்லியமாக வராது, எழுத்து சிதறும். கணினிப் பக்கம் வேலை மிக எளிதாகிவிட்டது. சீரியல் போர்ட்டுக்கு ஒரு வரியை அனுப்பினால் போதும், எந்த மொழியில் எழுதினாலும் சரி.

எளிதானது கணினிப் பக்கம்தான். எழுத்தொன்றை வாங்கிக் காட்ட அந்தப் பலகைக்கு ஒரு விநாடியில் லட்சத்தில் நான்கு பங்கு நேரம் போதும். 9600 வேகத்தில் எழுத்துகள் வருவது ஒரு மில்லிவிநாடிக்கு ஒன்று. எனவே அவசரமே இல்லை. ஆனால் திரையைத் துடைக்கும் கட்டளைக்கு மட்டும் ஒன்றரை மில்லிவிநாடி வேண்டும். பாதுகாப்புக்காக 5 மில்லிவிநாடி காத்திருக்கும்படி நிரல் எழுதுவது வழக்கம். அந்த இடைவெளியில் வந்து விழும் எழுத்துகளில் ஒன்றைத்தான் 8051 கையில் வைத்துக்கொள்ளும், அடுத்து வருபவற்றைத் தள்ளிவிடும். சென்னை என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்தாக அனுப்பினால் முதல் எழுத்து வரும், அடுத்த மூன்று காணாமல் போகும், கடைசி மூன்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஒயரில் கோளாறு என்று நினைத்துச் சால்டரிங்கை மறுபடி மறுபடி சூடாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வருகிற எழுத்துகளை இன்டரப்ட் மூலம் வரிசையில் போட்டு வைத்து, பலகை தயாரானதும் ஒவ்வொன்றாகக் கொடுப்பதுதான் மருந்து. அதைவிட நல்ல மருந்து, திரையைத் துடைக்காமலே இருப்பது.

துடைக்காமல் மேலேயே எழுதினால் திரை மினுக்காது. ஆனால் 100 இருந்த இடத்தில் 99 எழுதினால் பழைய கடைசிச் சுழி அங்கேயே நின்று 990 என்று காட்டும். எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கி, வலப்புறம் ஒட்டவைத்து, மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். பலகையின் நினைவகத்துக்கும் ஒரு குணம் உண்டு. மொத்தம் 80 எழுத்து கொள்ளும். முதல் வரி முகவரி 0-வில் தொடங்குகிறது, இரண்டாவது வரி ஹெக்ஸ் 40-இல். பதினாறாவது எழுத்துக்குப் பிறகும் எழுதிக்கொண்டே போனால் அடுத்த வரிக்கு வராது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேரும். இருபது எழுத்து, நான்கு வரிப் பலகையில் வேறு வேடிக்கை. முதல் வரி வழிந்தால் மூன்றாவது வரியில் போய் விழும். காரணம், உள்ளே அது நான்கு வரிப் பலகை அல்ல, நாற்பது எழுத்துக்கு இரண்டு வரிப் பலகை. அதை நடுவில் வெட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

பேரலல் போர்ட்டில் எட்டுக் கம்பி போட்டோம். மைக்ரோகன்ட்ரோலரில் முனைகளை மிச்சப்படுத்த நான்கு கம்பியில் ஓட்டுவோம். ஓர் எழுத்தை இரண்டு பாதியாக, மேல் பாதி முதலிலும் கீழ்ப் பாதி அடுத்தும் அனுப்ப வேண்டும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் மோட்டார் ஓடத் தொடங்கும்போதோ ரிலே ஒன்று தட்டும்போதோ தட்டும் கம்பியில் பொய்யாக ஒரு துடிப்பு வந்தால் பலகை ஒரு பாதியைக் கூடுதலாக எண்ணிவிடும். சட்டையில் ஒரு பொத்தானைத் தவறான துளையில் போட்டால் கீழே எல்லாமே தவறுவது போல, அதன்பின் வரும் எல்லா எழுத்தும் பாதி பாதியாக மாறிச் சேர்ந்து கண்டதையும் காட்டும். கணினி சரியாக அனுப்பிக்கொண்டிருக்கும், பலகை சரியாக வாங்கிக்கொண்டிருக்கும், ஆனால் நடுவே ஒத்திசைவு போயிருக்கும்.

இதற்கு விடை அந்தச் சில்லின் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. மின்சாரம் வந்ததும் 15 மில்லிவிநாடி பொறு, 3 என்று அனுப்பு, 4.1 மில்லிவிநாடி பொறு, மறுபடி 3 அனுப்பு, 100 மைக்ரோவிநாடி பொறு, மூன்றாம் முறையும் 3 அனுப்பு, பிறகு 2 அனுப்பு. கல்லூரி ரெக்கார்டு நோட்டில் இதை எல்லாரும் எழுதுகிறார்கள். ஏன் மூன்று முறை என்று கேட்டால் ‘டேட்டாஷீட்டில் அப்படித்தான் சார் இருக்கு’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கும். பலகை மூன்றில் ஏதோ ஒரு நிலையில் இருக்கலாம். எட்டுக் கம்பி நிலையில் இருந்தால் ஒவ்வொரு 3-ம் ‘எட்டுக் கம்பிக்கு வா’ என்ற கட்டளைதான், மூன்று முறை சொன்னாலும் நட்டமில்லை. நான்கு கம்பி நிலையில் முதல் பாதிக்காகக் காத்திருந்தால் முதல் இரண்டு 3-ம் சேர்ந்து அதே கட்டளையாகும். நான்கு கம்பி நிலையில் இரண்டாம் பாதிக்காகக் காத்திருந்தால் முதல் 3 ஏதோ ஒரு பழைய கட்டளையை முடித்து வைக்கும். அது எதுவாக இருந்தாலும் 4.1 மில்லிவிநாடிக்குள் தீர்ந்துவிடும். அடுத்த இரண்டும் சேர்ந்து எட்டுக் கம்பிக்குக் கொண்டுவரும். எந்த நிலையில் இருந்து தொடங்கினாலும் மூன்று முறைக்குப் பிறகு ஒரே நிலை. அதன்பின் 2 அனுப்பினால் நான்கு கம்பிக்கு ஒழுங்காக இறங்கும்.

இது புரிந்த பிறகு நான் அந்தச் சடங்கை மின்சாரம் வரும்போது மட்டும் செய்வதை விட்டுவிட்டேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, எதுவும் கெட்டுப்போகாத நேரத்திலும், பலகையை அந்த மூன்று 3-ஆல் நிமிர்த்தி உட்காரவைத்துத் திரும்ப எழுதுவேன். கண்ணுக்கு ஒரு சிமிட்டல்கூட இராது. ஒயரையும் குட்டையாக வைப்பேன், ஐந்தாவது முனையைக் கிரவுண்டில் கட்டிவிடுவேன், பலகையின் 5 வோல்ட் முனைக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுவேன். ஆனாலும் குப்பை வராமலே தடுக்க முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வந்தால் தானே சரியாகிவிடும் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது ஆர்டுயினோவும் ஐ2சி பலகையும் வந்து வேலையைச் சுருக்கிவிட்டன. எல்.சி.டி.யின் முதுகில் பி.சி.எஃப்.8574 சில்லுள்ள ஒரு சின்னத் துண்டு ஒட்டியே கிடைக்கிறது. பதினாறு முனைக்குப் பதில் நான்கு கம்பி. முகவரி ஹெக்ஸ் 27, சில்லின் பெயரில் கடைசியில் ஏ இருந்தால் ஹெக்ஸ் 3எஃப். இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். ஆனால் ஐ2சி ஒரே பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்ள ஏற்பட்டது. பரணிலிருந்து கல்லாவுக்கு அதை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. தூரம் போக வேண்டியது சீரியல் கேபிளோ யு.எஸ்.பி.யோதான். மைக்ரோகன்ட்ரோலர் திரையோடு திரையாகக் கல்லாப் பக்கமே இருக்க வேண்டும்.

ஆர்டுயினோ உனோவில் இன்னொரு விஷயம். கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலகை ரீசெட் ஆகும். புதிய நிரலை ஏற்ற வசதியாக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செய்திக்கும் போர்ட்டைத் திறந்து மூடும் நிரல் எழுதினால், திறந்ததும் பலகை மறுபடி எழுந்துகொண்டிருக்கும் ஓரிரு விநாடியில் நாம் அனுப்பியது காற்றில் போய்விடும். போர்ட்டை ஒருமுறை திறந்து, மூடாமல் வைத்திருக்கும் ஒரே நிரலின் வழியாக எல்லாச் செய்தியும் போக வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே எல்.சி.டி.பிராக் என்ற மென்பொருள் இருக்கிறது. அதன் சர்வர் 13666 என்ற போர்ட்டில் காத்திருக்கும். வெப்பநிலை சொல்லும் நிரல், டிஸ்க் அளவு சொல்லும் நிரல் எல்லாம் அதனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். யாருடையதை எப்போது காட்டுவது என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

தமிழில் காட்ட முடியுமா என்ற கேள்வி எப்போதும் வரும். இந்தச் சில்லுக்குள் பிறவியிலேயே பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளும், பெரும்பாலான பலகைகளில் ஜப்பானியக் கத்தகானா எழுத்துகளும். பின்சாய்வுக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் யென் குறி இருப்பதால் விண்டோஸ் கோப்புப் பாதையை அனுப்பினால் நடுநடுவே ஜப்பானியப் பணம் வரும். நாமாக வரைந்து ஏற்றிக்கொள்ள எட்டு வடிவங்களுக்கு மட்டும் இடம் உண்டு. ஒவ்வொன்றும் ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம்.

முதலாளிக்காக ‘நெட் இல்லை’ என்று வரைந்து பார்த்தேன். எகரக் கொம்பு, ந, ட், இ, ல், ஐகாரக் கொம்பு, ல. ஏழு வடிவம். எட்டுக்குள் அடங்கியது. ‘ட’, ‘ப’, ‘ம’ போன்றவை ஐந்து புள்ளியில் முறையாக வரும். புள்ளி வைக்க மேல் வரிசையை ஒதுக்க வேண்டும், அதனால் எழுத்தே குள்ளமாகும். ‘இ’ ஐந்து புள்ளிக்குள் எந்த வளைவும் கொள்ளாமல் மூச்சுத் திணறியது. இரண்டு கட்டம் கொடுத்தேன், எட்டும் தீர்ந்தது. இனி ‘நெட் இருக்கு’ என்று மாற வேண்டுமானால் ரு, க், கு மூன்றும் புதிதாக வேண்டும், பழையவற்றைத் துறந்தாக வேண்டும். வடிவத்தை மாற்றி ஏற்றிய கணத்தில் திரையில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தும் சேர்ந்து மாறிவிடும் என்பதால், முதலில் வரியை வெறுமையாக்கி, வடிவங்களை ஏற்றி, பிறகு எழுத வேண்டும். மொத்தத்தில் இது எழுத்துத் திரை செய்யும் வேலையல்ல, இரண்டு வாசகங்களைப் படமாக வரையும் வேலை. நிறையத் தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு 128-க்கு 64 புள்ளி கிராஃபிக் எல்.சி.டி.யைத்தான் பரிந்துரைப்பேன். அந்த அளவில் ஓ.எல்.இ.டி. திரைகளும் கிடைக்கின்றன, எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் ஒரே வாசகத்தை மாதக்கணக்கில் காட்டினால் அந்தப் புள்ளிகள் மட்டும் மங்கிப் பழைய எழுத்தின் தடம் தங்கிவிடும். நாள் முழுக்க ஒரே இடத்தில் ஒரே சொல்லைக் காட்டும் வேலைக்கு எல்.சி.டி.தான் உழைக்கும்.

இனி அந்த ‘அவ்வளவுதான்’. முதலாளிக்குச் செய்து கொடுத்த திரை கல்லாவுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு மேல், பி.வி.சி. ஸ்விட்ச் பெட்டியில் உட்கார்ந்தது. சன்னலை ஹேக்சா பிளேடால் வெட்டி அரத்தால் தேய்த்திருந்தேன். கீழிருந்து பார்க்க ஏற்ற, ஆறு மணிப் பார்வை என்று டேட்டாஷீட்டில் குறிப்பிடும் வகையாகப் பார்த்து வாங்கியிருந்தேன். எல்லாம் சரி. ஒருநாள் போன் வந்தது. “தம்பி, உங்க டப்பா நெட்டு இருக்குங்குது. பசங்க இல்லேங்குறாங்க. நான் யாரை நம்பறது?”

போய்ப் பார்த்தபோது பரணில் இருந்த கணினி உறைந்து கிடந்தது. அதன் பவர் சப்ளை ஓடிக்கொண்டிருந்தது, அதனால் திரைக்கு 5 வோல்ட் வந்துகொண்டிருந்தது. உறைவதற்கு முன் கடைசியாக எழுதிய வரியை அது விசுவாசமாகக் காட்டிக்கொண்டிருந்தது. எல்.சி.டி.யின் இயல்பு அதுதான். மின்சாரம் உள்ளவரை, யாரும் அழிக்காதவரை, எழுதியது நிற்கும். கணினியை முழுவதும் அணைத்தால்கூட பல மதர்போர்டுகள் யு.எஸ்.பி.க்கு 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். அணைந்துபோன கணினியின் நலச் செய்தி விடியவிடிய ஒளிரும்.

கணினிக்கு வெளியே ஒரு திரை வைப்பதே கணினி கெட்டுப்போகும் வேளைக்காக. அந்த வேளையில்தான் அது பழைய செய்தியைப் புதியது போலக் காட்டுகிறது என்றால், திரை இல்லாமல் இருப்பதே மேல். இல்லாவிட்டால் ஏணி போட்டாவது பார்த்திருப்பார்கள். அன்றிலிருந்து நான் செய்யும் எந்தத் திரையிலும் மைக்ரோகன்ட்ரோலருக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. கணினியிடமிருந்து பத்து விநாடிக்குள் புது வரி வராவிட்டால் அது யாரையும் கேட்காது. இருக்கும் எழுத்தை அழித்துவிட்டு ‘கணினி பேசவில்லை’ என்பதன் ஆங்கிலத்தை எழுதி, பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிடும். எல்.சி.டி.பிராக் திரையின் மூலையில் ஒரு குட்டி இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஏதோ அலங்காரம் என்று முன்பு நினைத்தவர்கள் உண்டு. அது நின்றுவிட்டால் மற்ற எழுத்துகளை நம்பாதே என்பதற்கான குறி அது. ஆனால் கல்லாவில் இருப்பவர் இதயம் துடிக்கிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அதனால்தான் பொறுப்பைத் திரையிடமே கொடுத்தேன்.

அடுத்த பொய் இன்னும் நுட்பமானது. நெட் இருக்கிறது என்பதை என் நிரல் எப்படித் தெரிந்துகொள்கிறது? மோடத்தைக் கூப்பிட்டுப் பார்த்து அது பதில் சொன்னால் ‘இருக்கு’ என்று எழுதும் நிரல்கள் பல. மோடம் பக்கத்து அலமாரியில் இருக்கிறது, அது எப்போதும் பதில் சொல்லும். வெளியே தெருவில் கேபிள் அறுந்திருந்தாலும் சொல்லும். எனவே மூன்று படியாகக் கேட்கவைத்தேன்: மோடம், அதைத் தாண்டி இணைப்பு கொடுப்பவரின் முதல் வாசல், அதையும் தாண்டி வெளியுலகில் ஒரு முகவரி. மேல் வரியில் எந்தப் படி வரை போக முடிகிறது என்று வரும். கீழ் வரியில் கடைசியாக முழுப் பாதையும் கிடைத்த நேரம், மணியும் நிமிடமுமாக வரும். எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்து தரச் சொல்வார்கள், பேருந்து நிலையப் பலகை மாதிரி. மறுத்துவிடுவேன். இந்த எல்.சி.டி. மெதுவாக மாறும் இனம், ஓடவிட்டால் எழுத்து கலங்கும். அதைவிட, பார்க்கும் கணத்தில் வேண்டிய செய்தி வராமல் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு செய்திக்கும் நிலையான ஓர் இடம் இருந்தால் நாளடைவில் யாரும் படிப்பதே இல்லை, பார்வை பட்டதும் தெரிந்துவிடும்.

நேரத்தைக் காட்டியதில் எதிர்பாராத ஒரு பலன். இணைப்பு கொடுப்பவருக்குப் போன் செய்து, “நாலு இருபதுலேர்ந்து இல்லை, மோடம் வரைக்கும் சரியா இருக்கு” என்று முதலாளி சொல்லத் தொடங்கினார். மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்ற வழக்கமான பதில் அதன்பின் அவரிடம் எடுபடவில்லை. முப்பத்திரண்டு எழுத்தால் அவருக்கு வாதாடக் கை கிடைத்தது.

இப்போதும் சிலர் வருகிறார்கள். ராஸ்ப்பெர்ரி பை வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள், ‘அண்ணா, ஐ.பி. முகவரி மட்டும் தெரிஞ்சா போதும்’ என்பார்கள். சின்னத் தொழிற்கூடக்காரர்கள் யு.பி.எஸ். பேட்டரி எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். எந்த மாடல் வாங்கலாம், பச்சையா நீலமா என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். நீலம் பின்விளக்கு இல்லாமல் படிக்க முடியாது, பச்சை வெளிச்சத்தில் விளக்கில்லாமலும் தெரியும், ஆகவே பச்சை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒரு தாளைக் கொடுப்பேன். அதில் பதினாறு கட்டம் வீதம் இரண்டு வரி போட்டிருக்கும். எல்லாம் நன்றாக இருக்கும்போது என்ன காட்ட வேண்டும் என்பதைப் பிறகு நிரப்பலாம், கணினி செத்துப்போனால் என்ன காட்ட வேண்டும் என்பதை இப்போதே எழுதுங்கள் என்பேன். பலர் அந்தக் கட்டங்களின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். திரை அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் கையாலேயே கேபிளைப் பிடுங்கச் சொல்வேன். தயங்குவார்கள், ‘ஒண்ணும் ஆகாதா?’ என்பார்கள். பிடுங்கிய பத்தாவது விநாடியில் திரை தானாக மாறி உண்மையைச் சொன்னால்தான் கூலி வாங்குவேன்.